கல்லூரி உதவித்தொகை: மார்க்குக்குப் பிறகு என்ன?

(நம் குடியிருப்பின் சுதந்திர தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பேசச் சொன்னபோது கொஞ்சம் தயங்கினேன். நான் பி.காம். படித்தவன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு இயற்பியலுக்கும் எனக்கும் உறவு முடிந்துவிட்டது. அறிவியல், இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல? ஆனால் உதவித்தொகைப் பணம் கடைசியில் வந்து விழுகிற இடம் வங்கிக் கணக்கு. அங்கே முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

'இதெல்லாம் நமக்குக் கிடையாது' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு வருமான வரம்பே இல்லை. பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் போன்ற அடிப்படை அறிவியலில் பி.எஸ்ஸி. அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. சேர்ந்தால் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 மாணவர் கைக்கு, 20,000 கோடை விடுமுறை ஆய்வுக்கு. இன்ஜினியரிங், மருத்துவத்துக்கு இது கிடையாது. 'பி.எஸ்ஸி. படித்து என்ன செய்யப் போகிறாய்' என்று பிள்ளையைக் கேட்கும் முன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினியரிங், டிப்ளமோ சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி இருக்கிறது. ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதே தொகையில் சாக்‌ஷம். வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவர்களுக்கு மத்திய அரசின் இன்னொரு திட்டத்தில், முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000. பிரகதி, சாக்‌ஷம், இந்த மூன்றுக்கும் தேசிய உதவித்தொகைத் தளத்தில்தான் விண்ணப்பம். கட்டணம் எதுவும் இல்லை. 'நான் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

இனி எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பணி ஓய்வுக்குச் சில வருடம் முன்பு, ஒரு கொத்தனார் தன் மகளோடு என் கவுண்டருக்கு வந்தார். பெண் இன்ஜினியரிங் முதல் வருடம். உதவித்தொகை கிடைத்துவிட்டது, கணக்கை ஆதாரோடு இணைக்க வேண்டும். பாஸ்புக்கில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. 'திருத்தம் போடணும், திங்கட்கிழமை வாங்க' என்றேன். வந்தார்கள். விண்ணப்பத்தை வாங்கி ட்ரேயில் வைத்தேன். மார்ச் மாதம், வருடக் கணக்கு முடிக்கிற நேரம். அது இருபது நாள் அங்கேயே கிடந்தது. பணம் திரும்பிப் போய்விட்டது. 'சார், காலேஜ்ல ஃபீஸ் கேக்கறாங்க, என்ன பண்றது?' என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் படிப்பை முடித்தாளா என்று எனக்குத் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே மார்க்‌ஷீட், ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியல் பழக்கம் கம்ப்யூட்டருக்குப் புரிவதில்லை. அடுத்தது, வங்கியில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தது போதாது. அரசுப் பணம் வர, 'ஆதார் சீடிங்' என்று தனியாக ஒன்று செய்ய வேண்டும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு கணக்குக்குத்தான் அது இருக்கும். புதிதாக வேறு வங்கியில் செய்தால் பணம் அங்கே போய்விடும். 'பணமே வரலை சார்' என்று வந்தவர்களில் சிலருக்கு, அவர்களே மறந்துபோன கணக்கில் பணம் பத்திரமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்! மைஆதார் தளத்தில் எந்த வங்கி என்று பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிந்துவிடாது. கல்லூரியில் அதற்கென்று இருக்கும் அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். கடைசித் தேதி வரை காத்திருக்காமல் போய் நினைவுபடுத்துங்கள். வெட்கப்பட வேண்டாம், என் ட்ரே மாதிரி அங்கேயும் ஒரு ட்ரே இருக்கும். அடுத்த வருடம் மறுபடி புதுப்பிக்கவும் வேண்டும். முதல் வருடம் வாங்கிவிட்டு இதை மறந்தவர்கள் நிறைய.

நம் செக்யூரிட்டி அண்ணன் ஒருவரின் மகள் இந்த வருடம் டிப்ளமோ சேர்ந்திருக்கிறாள். அயர்ன் கடைக்காரர் மகன் பிளஸ் டூ. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் தமிழக அரசு தருகிறது. உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை சங்க அறையில் இருப்பேன். ஆதார், பாஸ்புக், மார்க்‌ஷீட், வருமானச் சான்றிதழ் இருந்தால் எடுத்து வாருங்கள். வருமானச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வாருங்கள், இ-சேவையில் வாங்குவது எப்படி என்று சொல்கிறேன். 'திங்கட்கிழமை வாங்க' என்று மட்டும் சொல்ல மாட்டேன்.