கவர்த்த வழியில் நிற்கும் மனம்



‘கவலை’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் கவர்த்த வழி என்றொரு பொருள் உண்டு. பாதை பலவாகப் பிரியும் இடத்தில் வழிப்போக்கன் சற்றே திகைப்பான்; பின்னர் ஒன்றைத் தேர்ந்து நடந்துவிடுவான். அவ்விடத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிடும் மனத்தின் நிலையையே மருத்துவர் பதற்றக் கோளாறு என்கின்றனர்.

பிள்ளையின் தேர்வு, மகளின் திருமணம், வயலுக்கு வாராத மழை இவற்றுக்காகக் கவலைப்படுவது நோயன்று. அச்சம் உயிரைக் காக்க அமைந்ததே. பாம்பைக் கண்டதும் நெஞ்சு படபடத்தல் உடலின் முறையான வேலை. பாம்பு இல்லாத இடத்திலும் நாள்தோறும் அவ்வாறே படபடக்குமாயின், அதனைப் பொருட்படுத்தல் வேண்டும்.

அடக்கவியலாத கவலை, ஆறு திங்களுக்குக் குறையாமல், பெரும்பாலான நாள்களில் நீடித்தல். அதனோடு நிலைகொள்ளாமை, எளிதில் களைத்தல், கருத்து ஒருமைப்படாமை, எரிச்சல், தசையிறுக்கம், உறக்கக் கேடு ஆகியவற்றுள் மூன்றேனும் காணப்படுதல். அன்றாட வாழ்வு அதனால் குலைதல். பொதுப் பதற்றக் கோளாற்றுக்கு மருத்துவ நூல்கள் கூறும் இலக்கணம் இது.

ஆனால், இல்லத்தில் இக்குறிகள் இப்பெயர்களோடு வருவதில்லை. மகன் அலைபேசியை எடுக்கவில்லையெனில் விபத்தென்றே முடிவுகட்டும் தாய், ‘பாசக்காரி’ எனப்படுகிறாள். காரணமின்றி எரிந்துவிழும் தந்தை, ‘முன்கோபி’ ஆகிறார். வயிறு சரியில்லை என்று சொல்லித் திருமண வீடுகளைத் தவிர்க்கும் இளைஞன், ‘கூச்ச சுபாவம்’ என விடப்படுகிறான். இத்தவிர்த்தல் தனியே நோக்கத்தக்கது. போகாமல் இருந்துவிட்டால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறை அச்சத்தை வளர்க்கிறது. முதலில் கூட்டம், பிறகு பேருந்து, பிறகு கடைவீதி என உலகம் சுருங்கிவிடும்.

திடீரெனத் தோன்றிச் சில நிமிடங்களில் உச்சமடையும் பீதித் தாக்கம் வேறு வகை. நெஞ்சடைப்பு, வியர்வை, மூச்சுத்திணறல், இதோ உயிர் போகிறது என்னும் உணர்வு. இதனை வீட்டிலிருந்தே பதற்றமென்று முடிவு செய்தல் கூடாது. முதன்முறை வரும்போது உடனே மருத்துவமனை சென்று இதயத்தைச் சோதித்தல் இன்றியமையாதது. தைராய்டு மிகுதியும், அளவு கடந்த காப்பியும்கூட இத்தகைய படபடப்பைத் தரும். சோதனைக்குப்பின் மருத்துவர் ‘ஒன்றுமில்லை’ என்றால், இதயத்தில் ஒன்றுமில்லை என்றே அதற்குப் பொருள். ‘நடிக்கிறாள்’ என்று பொருள் கொள்வோர் நோயாளியைத் தனிமையில் தள்ளுகின்றனர்.

தமிழ்ச் சமணர் எண்ணிக்கையிற் சிறியோர். கொள்வினை கொடுப்பினை அறிந்த குடும்பங்களுக்குள்ளேயே நிகழ்வதால், மனநல மருத்துவரைப் பார்த்த செய்தி வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமோ என மறைப்பது உண்டு. சர்க்கரை நோயைச் சபையில் பேசும் நாம் இதனை மட்டும் மறைப்பது முறையன்று. மறைக்கப்படும் ஆண்டுகளே அந்த மகளின் படிப்பையும் வேலையையும் தின்றுவிடுகின்றன.

இந்நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு. எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியல் பயிற்சி ஒன்று; மருந்து மற்றொன்று. வழக்கமாகத் தரப்படும் மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் பலனில்லை எனக் கைவிடலாகாது. கேப்சூல் உறைகள் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை என்பதால் நம்மவர் சிலர் சொல்லாமலே நிறுத்திவிடுகின்றனர். மருத்துவரிடம் அதனை வெளிப்படையாகச் சொன்னால் போதும். இவ்வகை மருந்துகளுள் பல மாத்திரையாகவும் கிடைக்கின்றன. உண்ணாநோன்பு நாள்களில் மருந்தை எப்போது உட்கொள்வது என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்ளலாம். தாமாக நிறுத்துதல் ஆகாது.

முதலடி எடுத்துவைக்கத் தயங்குவோர்க்கு, 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 உள்ளது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.