சாலையின் உரிமையும் ஒற்றைச் சக்கர ஓட்டமும்

(ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஜமாஅத்தார்கள் முன்னிலையில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நிர்வாகிகளின் வேண்டுகோளின்படி இம்மலரில் இடம் பெறுகிறது.)





இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். தொழுகையையும் ஜகாத்தையும் பேச வேண்டிய இடத்தில் மோட்டார் சைக்கிளைப் பேசுவதா என்று கேட்போர் இருக்கக்கூடும். ஆயினும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட வேளையில் நம் தெருக்களில் நடந்து வரும் எந்தப் பெரியவரைக் கேட்டாலும், இதைத்தான் முதலில் பேசுங்கள் ஹஜ்ரத் என்றே சொல்வார். ஓடும் வண்டியின் முன்சக்கரத்தை அந்தரத்தில் உயர்த்தி, பின்சக்கரம் ஒன்றிலேயே சாலையில் விரைவதற்கு நம் பிள்ளைகள் ‘வீலிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கிய இப்பழக்கம் இன்று நம் தெருமுனை வரை வந்துவிட்டது. பெருநாள் தொழுகை முடிந்து பெண்களும் குழந்தைகளும் வீதியில் நிறைந்திருக்கும் நேரத்திலும் இது நடக்கிறது.

ஒரு காரியத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அந்தக் காரியம் இன்னதென்று விளங்கியிருக்க வேண்டும் என்பது மதரஸாவில் நாம் ஓதிய விதி. ஆகவே கண்டிப்பதற்கு முன் இது எவ்வாறு செய்யப்படுகிறது என்று பழகிய பிள்ளைகளிடமும் ஒரு மெக்கானிக்கிடமும் கேட்டறிந்தோம். அதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இப்பிள்ளைகளின் பெற்றோரில் பலர் இதை இன்னும் அறியமாட்டார்கள்.

இன்ஜினின் விசை செயின் வழியாகப் பின்சக்கரத்தைச் சென்றடைகிறது. ஆக்சிலேட்டரைத் திடீரென முறுக்கும்போது வண்டியின் பாரம் முழுவதும் பின்னோக்கிச் சாய்கிறது. விசை மிகுந்த, இரு சக்கரங்களுக்கும் இடையே தூரம் குறைந்த ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் முன்சக்கரம் எளிதில் தரையை விட்டு எழுந்துவிடும். கிளட்சைப் பிடித்து இன்ஜினை உறும விட்டு, சட்டென்று கைவிட்டுத் தூக்குவது இன்னொரு முறை. எழுந்த வண்டி ஒரு குறிப்பிட்ட சாய்வில் முன்னேயும் விழாமல் பின்னேயும் விழாமல் நிற்கும். அந்த நிலையைத் தேடிப் பிடிப்பதைத்தான் இவர்கள் வித்தை என்கிறார்கள். அதைத் தாண்டி ஓர் அங்குலம் சென்றாலும் ஓட்டுபவர் மல்லாந்து விழ, வண்டி அவர் மீது விழும். அந்நேரத்தில் காப்பாற்றுவது பின் பிரேக்கின் மீதுள்ள கால் ஒன்றே. ஆகவேதான் இதை முறையாகக் கற்பிப்பவர்கள், சக்கரத்தைத் தூக்கக் கற்றுத் தருமுன் பின் பிரேக்கை மிதித்து இறக்கக் கற்றுத் தருகிறார்கள். அடைக்கப்பட்ட மைதானத்தில், தலைக்கவசம், முதுகுக் கவசம், கையுறை, முழங்கால் காப்பு, கனத்த காலணி ஆகிய யாவும் அணிந்த பின்பே வண்டியில் ஏற்றுகிறார்கள். நம் பிள்ளைகளோ கைலியும் ரப்பர் செருப்புமாக ஏறுகிறார்கள்.

முன்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு வகிக்கும் முன் பிரேக்குக்குப் பிடிமானம் இல்லை. தூக்கிய வண்டியே பார்வையை மறைத்துவிடுவதால் குறுக்கே ஓடி வரும் சிறு குழந்தை கண்ணுக்குத் தெரியாது. திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது, பார்க்கவும் முடியாது. இந்த மூன்றும் ஒருசேர இல்லாத நிலையில் ஒருவர் மக்கள் நடமாடும் பாதையில் செல்கிறார் என்பதை நீங்கள் நெஞ்சில் கை வைத்துச் சிந்தியுங்கள். சக்கரம் தடாலென்று இறங்கும்போது ஃபோர்க் ஆயில் சீலும் கோன் செட்டும் கெட்டுப்போவதையும், கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகுவதையும் மெக்கானிக் விரிவாகச் சொன்னார். அந்தச் செலவு வாப்பாமார்களின் கவலை.

பெரியோர்களே! இளைஞர்கள் வேகத்தை விரும்புவதும், வாகனத்தை வசப்படுத்திக் காட்ட ஆசைப்படுவதும் பாவம் என்று நாம் சொல்ல மாட்டோம். மார்க்கம் அவ்வாறு சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் அது பதிவாகியுள்ளது. பந்தயத்திற்கென உணவைக் கட்டுப்படுத்திப் பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை எல்லை குறித்தார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல் தொலைவு என்று அறிவிப்பாளர் ஒருவர் கணக்குச் சொல்கிறார். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் மட்டுமே. பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர். அப்போது அவர்கள் இளைஞர். அவர்கள் முந்தி வந்தபோது குதிரை தம்மைச் சுமந்துகொண்டு பள்ளிவாசலையே தாண்டிப் பாய்ந்ததாக முஸ்லிமில் வரும் அறிவிப்பில் அவர்களே கூறுகிறார்கள். பல்லாண்டுகள் கழித்து ஹதீஸ் அறிவிக்கும்போதும் அந்தப் பாய்ச்சல் அவர்களின் நினைவில் இருந்திருக்கிறது பாருங்கள்! இளமையின் இந்த மகிழ்ச்சியை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. தொடங்கும் இடம் குறித்தார்கள், முடியும் இடம் குறித்தார்கள், பயின்றதையும் பயிலாததையும் ஒன்றாக ஓடவிடாமல் பிரித்தார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டிகளைக் கொண்டு விளையாடியதையும் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள், ஆயிஷா (ரலி) அவர்களைப் பார்க்கவும் வைத்தார்கள். அதற்கும் ஓர் இடம் இருந்தது. அம்பைக் கையில் கொண்டு பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ நடப்பவர், பிறர் மீது பட்டுவிடாதவாறு அதன் முனையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று கட்டளையிட்டவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம்.

ஹஜ்ஜுக்குச் சென்று வந்த பெரியோர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் மக்கள் ஒட்டகங்களை அதட்டி அடித்து விரட்டும் ஓசை கேட்டு, நபி (ஸல்) அவர்கள் தம் சாட்டையால் சைகை செய்து, அமைதியாக வாருங்கள், விரட்டிச் செல்வதில் நன்மை இல்லை என்று தடுத்தார்கள். அதே பயணத்தில் இடைவெளி கிடைத்த இடத்தில் தம் ஒட்டகத்தை விரைவுபடுத்தினார்கள் என்று உஸாமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நெரிசலில் நிதானம், வெளி கண்டபோது விரைவு. நம் தெரு எந்த வகை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் ‘மின்ஹாஜ்’ நூலில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கும் சட்டம் ஒன்று இதற்கு மிகவும் பொருந்துகிறது. பாதையில் செல்லும் பிராணி சாணமிட்டு, அதில் ஒருவர் வழுக்கி விழுந்து சேதம் ஏற்பட்டால் அதன் மீது சவாரி செய்பவர் பொறுப்பாகமாட்டார். ஏனெனில் அது தவிர்க்க முடியாதது. ஆனால் சேற்றில் கடும் வேகத்தில் விரட்டுவது போன்ற வழக்கத்திற்கு மாறான செயலை அவர் தவிர்த்துக்கொள்ள வேண்டும். தவிர்க்காவிட்டால் அதனால் விளையும் சேதத்திற்கெல்லாம் அவரே ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் குதிரைக்கும் சேற்றுக்கும் எழுதப்பட்ட சட்டம்தான். வழக்கம், வழக்கத்திற்கு மாறானது என்ற அந்தப் பிரிவினையைக் கையில் எடுத்துக்கொண்டு நம் தெருவைப் பாருங்கள். ஒழுங்காகச் செல்பவருக்கு நேரும் விபத்தும் ஒற்றைச் சக்கரத்தில் செல்பவர் விளைவிக்கும் விபத்தும் ஃபிக்ஹின் பார்வையில் ஒன்றாகா.

பிழையாகவே ஆயினும் ஓர் உயிர் போய்விட்டால் என்ன கடமையாகிறது என்பதைத் திருக்குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் 92-ஆம் வசனம் விளக்குகிறது. இறந்தவரின் குடும்பத்திற்கு, அவர்கள் மன்னித்தாலன்றி, ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். அடிமையை விடுதலை செய்யும் வசதி இல்லாதவர் இடைவிடாமல் இரண்டு மாதங்கள் நோன்பு நோற்க வேண்டும். ரமளானின் முப்பது நோன்பையே சிரமம் என்னும் பிள்ளைகள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

நாட்டின் சட்டமும் இதில் கடுமையாக உள்ளது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 199ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை பழகுநர் உரிமமும் கிடைக்காது. நம் ஊரில் பல வண்டிகள் வளைகுடாவில் இருக்கும் வாப்பாவின் பெயரில் உள்ளன. விடுமுறையில் ஊர் திரும்பும்போது இப்படியொரு வழக்கு வாசலில் காத்திருப்பதை அவர் விரும்புவாரா?

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் நடந்ததை நம் பிள்ளைகள் அனைவரும் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, புறம் பேசுவதாகிவிடும். பல லட்சம் பேர் பின்தொடரும் அந்த இளைஞர் வீலிங் செய்ய முயன்று, வண்டி கட்டுப்பாட்டை இழந்து தூக்கி எறியப்பட்டார். கை முறிந்தது, கைதானார், ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு முடக்கப்பட்டது. உயிர் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். விலை உயர்ந்த பாதுகாப்பு உடை அணிந்திருந்தார் என்பதையும் நம் கைலிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு சென்னைச் சாலையில் சாகசம் செய்து வழக்கில் சிக்கிய ஓர் இளைஞருக்குப் பிணை வழங்கிய உயர்நீதிமன்றம், அரசு மருத்துவமனையின் விபத்துக் காயப் பிரிவில் பணிவிடை செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. நீதிபதி அவர்கள் அறிந்துதான் செய்திருக்கிறார். அந்தப் பிரிவை ஒருமுறை கண்டவருக்கு வேறு பயான் தேவைப்படாது.

நாமும் அதன் ஒரு பகுதியைக் கண்டிருக்கிறோம். மையித்தைக் குளிப்பாட்டும் சட்டங்களை ஓதும்போது, தண்ணீர் ஊற்ற இயலாத அளவுக்கு உடல் சிதைந்திருந்தால் தயம்மும் செய்விக்க வேண்டும் என்று ஓதினோம். இது எங்கே நிகழப்போகிறது என்று அன்று மாணவர்களாகிய நமக்குள் எண்ணம். இமாமத் பணியேற்ற பின் சாலை விபத்தில் இறந்த இளைஞர்களின் ஜனாஸாக்களில் அந்தச் சட்டத்தைத் தேட நேர்ந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த உடலை உம்மாவுக்குக் காட்டுவதா வேண்டாமா என்று உறவினர்கள் நம்மிடம் கேட்பார்கள். அதற்குக் கிதாபுகளில் பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் முகத்தைப் பார்த்த பின்பே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூ தேறினால் வண்டி என்று வாக்களிக்கிறீர்கள். இரண்டு லட்சம் ரூபாய் அளவில் விலையுள்ள வண்டியைத் தவணைக்கு எடுக்கிறீர்கள். (அந்தத் தவணையில் உள்ள வட்டி வேறொரு ஜும்ஆவுக்குரிய பேச்சு. அதை மறந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம்.) பாலைவன வெயிலில் உழைத்த பணம் அது. மகனைப் பிரிந்திருக்கும் மனக்குறையை வண்டியால் ஈடு செய்ய நினைக்கிறீர்கள் என்பது நமக்குப் புரிகிறது. ஆனால் சாவியைக் கண்டித்து வாங்கும் அதிகாரத்தை வீட்டில் இருக்கும் உம்மாவுக்கு நீங்கள் கொடுக்கவில்லை. வாப்பா வாங்கித் தந்தது, நீங்கள் கேட்காதீர்கள் என்று பிள்ளை சொன்னால் அந்தத் தாய் என்ன செய்வாள்? தொலைபேசியில் பேசும்போது மகனும் கேட்கும்படி, சாவி உம்மாவின் பொறுப்பு என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் தரப்பையும் சொல்லாவிட்டால் நீதியாகாது. அவர்களில் ஒருவன் நம்மிடம், “ஹஜ்ரத், நாங்க விளையாடிய திடலில் கட்டடம் வந்துவிட்டது, ரோட்டை விட்டால் எங்களுக்கு எது இருக்கிறது?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நம்மால் சொல்ல இயலவில்லை. வருமானத்திற்கு மண்டபம் வேண்டியதுதான். பிள்ளைகளுக்குப் பந்து விளையாட ஓர் இடமும் வேண்டும். நிர்வாகிகள் இதைத் தங்கள் கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டுகிறோம்.

வீலிங் செய்யும் பிள்ளைகளின் வீட்டாருக்கு நிகாஹ் தஃப்தர் கொடுக்கக் கூடாது என்று சில பெரியோர்கள் யோசனை கூறினார்கள். அதற்கு நாம் உடன்படவில்லை. தம்பி செய்த காரியத்திற்கு அக்காளின் திருமணத்தை நிறுத்துவது எந்த நீதி? தெருவில் நின்று ஏசுவதும் பயன் தரவில்லை. ஏசுகிறவர் முன்னால்தான் சக்கரம் இன்னும் உயரமாகத் தூக்கப்படுகிறது.

நிர்வாகிகளுடன் கலந்து பேசி முடிவு செய்தவை இவை. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டி வரும் வண்டிக்குப் பள்ளிவாசல் வளாகத்தில் இடமில்லை. பிள்ளை உள்ளே வந்து தொழட்டும், வண்டியை வீட்டுப் பெரியவர் வந்து எடுத்துச் செல்வார். வரும் பெருநாளன்று ஈத்கா சாலையில் போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் பொறுப்பை, சக்கரத்தைத் தூக்கும் அதே இளைஞர்களிடம் ஒப்படைக்கிறோம். பெண்களும் குழந்தைகளும் பாதையைக் கடக்கும் வரை கயிறு பிடித்து நிற்பது அவர்கள் வேலை. வேகத்தில் உண்மையான நாட்டமுள்ள, உரிமம் பெற்ற பிள்ளைகளை ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்திற்கு ஒரு முறை அழைத்துச் சென்று, முறையான பந்தய வீரர்கள் வண்டியில் ஏறுமுன் என்னென்ன அணிகிறார்கள், எத்தனை முறை சரிபார்க்கிறார்கள் என்பதைக் காட்ட எண்ணியுள்ளோம். வேனுக்கான செலவை ஏற்பதாக ஒரு சகோதரர் முன்வந்துள்ளார். வர விரும்புவோர் ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் பெற்றோரின் கையொப்பத்தையும் முஅத்தின் அவர்களிடம் கொடுக்கவும். உம்மாவின் கையொப்பமும் செல்லும். வஸ்ஸலாம்.