கடைக்கதவு திறந்திருக்கணும்!

(தலைப்பு: இசைக்கருவித் தொழிலை வாழவைப்பது குடும்பப் பாரம்பரியமா? ஆர்வமும் பயிற்சியுமா? – 'ஆர்வமும் பயிற்சியுமே' அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே! 'இந்த அம்மா என்னத்தப் பேசிடப் போகுது' என்று என்னையே பார்த்துக் கொண்டிருக்கும் எதிரணி அண்ணன்மார்களே! அடுப்பிலே குழம்பை வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! தாய்மார்களே, அடுப்பைக் கொஞ்சம் தணிச்சு வச்சிடுங்க. நான் பேச ஆரம்பிச்சா நடுவர் மணி அடிச்சாலும் நிறுத்த மாட்டேன்! (சிரிப்பு)

எனக்கு ஊரு இடையஞ்சாவடி. எங்க அப்பா மரக்காணம் உப்பளத்திலே வேலை பார்த்தவர். பாத்தி கட்டுறது, உப்பு வாருறது, மழைக்காலம் வந்தா வேலை இல்லாம வீட்டிலே உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறது. எதிரணி சொல்ற குடும்பப் பாரம்பரியம்தான் சட்டம்னா, நான் இந்த மேடையிலே நிக்கக் கூடாது அய்யா. உப்பு மூட்டையோடதான் நிக்கணும்! (கைதட்டல்)

எனக்கு முன்னால பேசிய அண்ணன் அருமையாப் பேசினாரு. நரசிங்கம்பேட்டை நாகசுரத்தைச் சொன்னாரு, மானாமதுரை கடத்தைச் சொன்னாரு. ஒத்துக்கிறேன். தஞ்சாவூர் வீணைக்கு 2013-லே புவிசார் குறியீடு கிடைச்சுது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-லே கிடைச்சுது. அந்தக் குடும்பங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா அண்ணன் பாதிக் கதையோட நிறுத்திட்டாரு. மீதியை யார் சொல்றது?

நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. பரம்பரைத் தொழில்காரர்தான். அவர் ஏன் பேர் வாங்கினாரு? தாத்தா செஞ்ச நாயனத்தையே திருப்பிச் செஞ்சதாலயா? இல்லை. முன்னெல்லாம் திமிரின்னு குட்டையான நாயனம், சுருதி கூடுதலா இருக்கும். நாகசுரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளைக்கு வேண்டியது நீளமான பாரி நாயனம். அதிலே சுத்த மத்தியமம் சரியாப் பேசணும். 1950களிலே ரங்கநாதன் ஆசாரி மரத்தைக் கடைஞ்சு, துளையை மாத்தி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதைக் கொண்டு வந்தாரு. தாத்தா செய்யாததைப் பேரன் செஞ்சாரு. அதனாலதான் தாத்தா பேரும் நிலைச்சுது. அப்போ ஜெயிச்சது பரம்பரையா, ஆர்வமா? (கைதட்டல்)

சரி, கடைக்கு வருவோம். சென்னை அண்ணா சாலையிலே மியூசி மியூசிக்கல்னு ஒரு வாத்தியக் கடை. 1842-லே தொடங்கினது. தொடங்கினவர் மிஸ்க்வித் என்கிற வெள்ளைக்காரர். மிஸ்க்வித் கம்பெனின்னுதான் அப்போ பேரு. அண்ணன் என்ன சொன்னாரு? 'தாஸ் குடும்பம் தலைமுறை தலைமுறையா அந்தக் கடையை நடத்துது, பாரீர் பாரம்பரியம்!' பார்த்தேன் அண்ணே. உங்களைவிடக் கொஞ்சம் நல்லாவே பார்த்தேன். (சிரிப்பு) மிஸ்க்வித் எங்கே? தாஸ் எங்கே? தாத்தாவும் பேரனுமா? கடை கைமாறிச்சு, பேரு மாறிச்சு, கடைசியிலே தாஸ் குடும்பத்துக்கிட்ட வந்துச்சு. ரத்தம் மாறினதாலே கடை செத்துப் போச்சா? நூற்று எண்பது வருஷம் தாண்டி நிக்குது! இது என் வீட்டுச் சொத்துன்னு மட்டும் பூட்டி வச்சிருந்தா, அந்தக் கடை இன்னைக்கு இருந்திருக்குமா?

இன்னொரு உதாரணம், இதுலே நீங்க எனக்கு எதிர்ப்பேச்சு பேச முடியாது. பாட்டுக் கத்துக்கிற பிள்ளைகள் வீட்டிலே எல்லாம் சின்னப் பெட்டியா ஒரு மின்னணுச் சுருதிப் பெட்டி இருக்கும். முதல்முதலா அதைச் செஞ்சவர் பெங்களூர் ஜி. ராஜ் நாராயண். தச்சர் வீட்டுப் பிள்ளையா? இல்லை. விமானத் தொழிற்சாலைப் பொறியாளர், புல்லாங்குழல் வாசிக்கிறவர். விமானம் செய்யற இடத்திலிருந்து வந்தவர் தம்புராவைச் செஞ்சாரு. தம்புரா செய்யற வீட்டிலிருந்து யாராவது விமானம் செஞ்சாங்களா? (பலத்த சிரிப்பு)

அடுத்து ஏ.ஆர். ரகுமான் கதை. 'அப்பா ஆர்.கே. சேகர் 1976-லே காலமானாரு. அவர் விட்டுட்டுப் போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் சாப்பிட்டுச்சு'ன்னு அண்ணன் உருக்கமாச் சொன்னாரு. எனக்கும் கண்ணு கலங்கிச்சு. ஆனா ஒண்ணு அய்யா. பெட்டி அப்பா கொடுத்தது. அதைப் பேச வைக்க, தன்ராஜ் மாஸ்டர் மாதிரி ஆசான்கள்கிட்டப் போய் உட்கார்ந்து கத்துக்க வேண்டியிருந்துச்சே! வாத்தியம் சொத்தா வரும். வித்தை சொத்தா வராது. (கைதட்டல்)

இப்போ என் வீட்டுக் கதை. என் தம்பி பத்தாவது முடிச்சான். 'அக்கா, வாத்தியக் கடையிலே வேலை கத்துக்கப் போறேன்'னான். ஒரு டவுன், ஒரு கடை, பேரு வேண்டாம். நான்தான் கூட்டிட்டுப் போனேன். முதலாளி கேட்ட முதல் கேள்வி, 'அப்பா என்ன பண்றார்?' 'உப்பளத்திலே வேலைங்க.' அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: 'உப்புக்கை பட்டா தோல் கெட்டுப் போகும் தம்பி, வேற வேலை பாரு.' பையன் பஸ்ஸிலே வர்ற வழியெல்லாம் தன் கையையே பார்த்துக்கிட்டு வந்தான் அய்யா.

அப்புறம் ஒரு பெரியவர். மிருதங்கம் கட்டுறவர். அவருக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒருத்தர் பேங்க், ஒருத்தர் துபாய். அவரு என் தம்பிகிட்ட 'நீ யாரு மகன்'னு கேட்கலை. ரெண்டு மிருதங்கத்தைத் தட்டிட்டு, 'இதிலே எது கூட, எது கம்மி?'ன்னு கேட்டாரு. இவன் சொன்னான். 'நாளைக்குக் காலையிலே வா'ன்னாரு. அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு! (கைதட்டல்)

சும்மா இல்லைங்க அந்தத் தொழில். வலந்தலையிலே நடுவிலே கறுப்பா வட்டமா இருக்குதே, அதைக் கரணைன்னு சொல்வாங்க. கல்லுப் பொடியையும் சோத்தையும் பிசைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா அப்பி, ஒவ்வொரு தடவையும் கல்லாலே தேய்ச்சு ஏத்தணும். விக்கிறதும் லேசில்லை. கடைக்கு வர்றவர் 'ஒரு மிருதங்கம் கொடுங்க'ன்னா எடுத்துக் கொடுத்துடக் கூடாது. 'யாருக்கு வாசிக்கப் போறீங்க? பாடுறவங்க ஆணா, பெண்ணா?'ன்னு கேட்கணும். பெண் குரல்னா அஞ்சு கட்டை, அஞ்சரைக் கட்டை. அதுக்குக் குட்டையான மிருதங்கம். ஆண் குரல்னா ஒண்ணு, ஒண்ணரை, அதுக்கு நீளமானது. இது தெரியாம வித்தா, வாங்கினவரு கச்சேரியிலே பக்கவாத்தியமா இருக்க மாட்டாரு, பகைவாத்தியமா இருப்பாரு! (சிரிப்பு)

இவ்வளவு கத்துக்கிட்டவனுக்குப் பொண்ணு கேட்டுப் போனோம். 'மாப்பிள்ளை என்ன பண்றார்?' 'மத்தளம் கட்டுறார்.' 'அது சரி, வேலைக்கு எங்கே போறார்?'ன்னாங்க! (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனா யோசிங்க. வாசிக்கிறவருக்குப் பொன்னாடை போர்த்துறோம். அந்த வாத்தியத்தைக் கட்டினவர் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? பாலக்காடு மணி அய்யரைத் தெரியாத ரசிகர் இல்லை. அவருக்கு மிருதங்கம் கட்டிக் கொடுத்த பர்லாந்தைத் தெரியுமா? செபாஸ்டியன் குடும்பம், பர்லாந்து குடும்பம்னு அந்தத் தொழிலாளிகளைப் பத்தி டி.எம். கிருஷ்ணா 2020-லே ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்துச்சு. பரம்பரை, பரம்பரைன்னு மேடையிலே புகழ்றோம். அந்தப் பரம்பரைக்குக் கூலியும் மரியாதையும் கொடுத்தோமா? கொடுக்காம, 'பிள்ளைகளே, தொழிலை விட்டுடாதீங்க'ன்னு சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு? (பலத்த கைதட்டல்)

தம்பி கடை வச்சு முதல் நாள். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், வீணைத் தந்தி. பத்துக்குப் பத்து இடம். எங்க அப்பா வந்தாரு. உப்பிலே வெடிச்ச விரலு. ஒரு மிருதங்கத்தை மெல்லத் தட்டினாரு. சுத்திச் சுத்தித் தட்டினாரு. 'டேய், இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் கம்மியாக் கேக்குதே'ன்னாரு. தம்பி எடுத்துப் பார்த்தான். ஒரு இடத்திலே வார் தளர்ந்திருந்துச்சு! அறுபது வருஷம் அந்தக் காது உப்பளக் காத்தை மட்டுமே கேட்டுக்கிட்டு இருந்திருக்கு அய்யா. ஒரு கடைக்கதவு அந்தக் காலத்திலே திறந்திருந்தா? (நீண்ட கைதட்டல்)

திறந்த கதவு வேணும்னா எங்க ஊருப் பக்கத்திலேயே இருக்கு. ஆரோவில்லிலே, கோட்டக்கரையிலே ஸ்வரம்னு ஒரு இசைக்கருவிப் பட்டறை. 2003-லே சுத்துப்பட்டுக் கிராமத்து இளைஞர்களுக்குத் தொழில்பயிற்சியா ஆரம்பிச்சது. வாத்தியத்தைத் தொட்டே பார்க்காத வீட்டுப் பிள்ளைங்க, காத்திலே ஆடி ஒலிக்கிற மணிக்குழாய்க்குச் சுருதி சேர்க்கக் கத்துக்கிட்டாங்க. எந்தப் பரம்பரை அது? கத்துக்கொடுத்தவங்க கையும், கத்துக்கிட்டவங்க காதும்தான் பரம்பரை!

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். தம்பிக்கு ஒரே பொண்ணு. 'அப்பா, நான் நர்சிங் படிக்கப் போறேன்'னு பயந்து பயந்து சொல்லிச்சு. எதிரணி நியாயப்படி பார்த்தா அந்தக் குழந்தை குலத்தொழிலுக்குத் துரோகம் பண்ணிடுச்சு. தம்பி என்ன சொன்னான் தெரியுமா? 'தாராளமாப் போம்மா. பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் தினமும் கடை வாசல்ல நின்னு பார்க்கிறான். அவனை உள்ளே கூப்பிடப் போறேன்.' அவ நிம்மதியாப் படிக்கப் போனா. அவன் சந்தோஷமா உள்ளே வந்தான். ஒரு கதவு திறந்தா ரெண்டு பிள்ளைங்களுக்கு விடுதலை அய்யா!

குடும்பம் விதைநெல்லைக் காத்து வைக்கும், மறுக்கலை. ஆனா குதிருக்குள்ளேயே பூட்டி வச்சா எந்த நெல்லும் முளைக்காது. ஆகவே, இசைக்கருவித் தொழிலை வாழவைப்பது ஆர்வமும் பயிற்சியுமே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அய்யா அவர்களைக் கேட்டு, குழம்பு தீய்ஞ்சு போறதுக்குள்ளே தாய்மார்களையும் அனுப்பி வைத்து, விடைபெறுகிறேன். (கைதட்டல்)