அண்ணன் கண்ணில் விழுந்த கரி



சென்ற மாத நிகழ்ச்சியில் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். நீங்கள் வளர்ந்த சின்ன ஊரைப் பற்றி நினைவில் இருக்கும் ஒரு சங்கதியைச் சொல்லுங்கள் என்று. ஐந்தாறு பேர் பேசினால் அதிகம் என்று எண்ணியிருந்தேன். ஒரு மணி நேரமும் தொலைபேசி ஓயவில்லை. கோவில்பட்டிக்காரர் ஒருவர் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சும் வாசனையைச் சொன்னார். வால்பாறையில் வளர்ந்த அம்மையார், மழைக்காலத்தில் பள்ளிச் சீருடை காயவே காயாது, அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்துவோம் என்றார். பருத்தித்துறை அன்பர் தட்டைவடையில் ஆரம்பித்தார். ஊரை விட்டு வந்த கதைக்குப் போனதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நானும் என் பங்குக்கு மன்னார்குடியைப் பற்றிச் சொன்னேன். ராஜகோபாலசுவாமி கோயில், சுமார் 23 ஏக்கர் பரப்புள்ள ஹரித்ராநதித் தெப்பக்குளம், பங்குனியில் வெண்ணெய்த்தாழி அன்று சுவாமி மேல் வெண்ணெய் வீசுவது, எல்லாம் சொன்னேன். அதோடு, நீடாமங்கலம் போகும் ரயிலில் அப்பா மடியில் உட்கார்ந்து போனதையும், ஜன்னல் வழியே கரித்தூள் கண்ணில் விழுந்து நான் அழுததையும் உருக்கமாகச் சொன்னேன்.

அடுத்த அழைப்பு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடமிருந்து. "சார், நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?" என்றார். 1973 என்றேன். "அந்த ரயிலை 1976-லயே நிறுத்திட்டாங்களே. மூணு வயசுல கண்ணுல கரி விழுந்தது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

இரவு சென்னையில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், கரி விழுந்தது என் கண்ணுலடா. நீ அம்மா இடுப்புல தூங்கிட்டு வந்தே" என்றார்.

முப்பது வருடமாகக் கணக்குப் பார்ப்பவன் நான். ரசீது இல்லாமல் ஒரு செலவையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் சொந்தப் பேரேட்டிலேயே அண்ணன் வரவு என் பெயரில் ஏறியிருக்கிறது! 2011-ல் அகலப்பாதையில் ரயில் திரும்பவும் மன்னார்குடிக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து என் மகளை மன்னை எக்ஸ்பிரஸில் ஆசையோடு கூட்டிக்கொண்டு போனேன். அவளும் தூங்கிக்கொண்டுதான் வந்தாள்.

அன்று கடைசியாகப் பேசியவர் ஓர் இளம்பெண். தமிழ் கொஞ்சம் தடுமாறியது. "நான் வளர்ந்த சின்ன ஊர் பிளெய்ன்ஸ்பரோ. அதைப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டதால் அதிகம் பேச முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் இங்கே 1999-ல் வந்தவன். இதை வேலைக்காக வந்து தங்கிய இடமாகத்தான் வைத்திருந்தேன். இதற்கு ஊர் என்று ஒரு கதை இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

தேடிப் படித்தேன். 1919-ல் கிரான்பரி, சவுத் பிரன்ஸ்விக் ஆகியவற்றிலிருந்து பகுதிகளைப் பிரித்து உண்டாக்கிய ஊர் இது. வாக்கர் கார்டன் பால் பண்ணைதான் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1930-ல் அங்கே ரோட்டோலாக்டர் என்ற சுழலும் மேடையை அமைத்தார்கள். 50 பசுக்கள் ஏறி நிற்கும். மேடை மெதுவாக ஒரு சுற்று வருவதற்குள் இயந்திரம் பால் கறந்து முடித்துவிடும். 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியிலும் போர்டன் பால் நிறுவனம் அப்படி ஒரு மேடையை வைத்தது. அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற எல்சி பசு 1941-ல் லாரி விபத்தில் அடிபட்டு இறந்ததும், இந்தப் பண்ணையில்தான் புதைத்தார்கள். 1971-ல் பால் கறப்பது நின்றது.

அதே 1970-களில் இந்த ஊர் விளைநிலங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 1970-ல் சுமார் 1,600 பேர் இருந்த ஊரில் 2020-ல் 24,000-க்கு மேல். நம்மில் பலர் முதலில் குடியேறிய ஃபாக்ஸ் ரன், டீர் கிரீக், குவெய்ல் ரிட்ஜ் பெயர்களைக் கவனியுங்கள். நரி, மான், காடை எல்லாம் உண்டு. ஊரை வளர்த்த பசுவின் பெயர் நான் அறிந்த வரையில் ஒன்றுக்கும் இல்லை. எல்சியின் நினைவுக்கல் பழைய பண்ணையிருந்த இடத்துக் குடியிருப்பின் வாசலில் இருக்கிறது. எத்தனையோ வருடம் அந்தப் பக்கம் காரில் போயிருக்கிறேன். போன வாரம்தான் இறங்கிப் பார்த்தேன். மாடு மேய்க்கும் கோலத்தில் நிற்கும் எங்கள் ராஜகோபாலன் நினைவுக்கு வந்தார். ஒரு பசு ஊரிலிருந்து இன்னொரு பசு ஊருக்கு வந்திருக்கிறேன், தெரியாமலே!

இனி என் வீட்டுச் சங்கதி. நானும் மனைவியும் இங்குள்ள வீட்டை விற்றுவிட்டுச் சிறிய இடத்துக்குப் போக முடிவு செய்தோம். சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து, தரகரிடம் கையெழுத்தும் போட்டாயிற்று. அதன் பிறகுதான் சிகாகோவில் இருக்கும் மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முன்னாடியே கேட்டிருக்கலாம்பா. நாம முதல்ல இருந்த அபார்ட்மெண்ட் பக்கத்துக் குளத்துல வாத்துக்கு இட்லி போடுவோமே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எனக்குத் துளியும் நினைவில்லை. மனைவி அடுப்படியிலிருந்தே, "ஞாயித்துக்கிழமை மீந்த இட்லி. நீங்கதானே கூட்டிட்டுப் போவீங்க" என்றாள்.

நடக்காததை நினைவு வைத்திருந்தவன், நடந்ததை மறந்துவிட்டேன். 1997-ல் என் அப்பா மன்னார்குடி வீட்டை விற்றபோது நான் மும்பையில் இருந்தேன். கிரயம் முடிந்து கடிதம்தான் வந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று பல வருடம் மனத்தாங்கல். அதையே நான் என் மகளுக்குச் செய்திருக்கிறேன்.

வீட்டை விற்பது நிற்கப்போவதில்லை. ஆனால் அவள் வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போன பிறகுதான் சாவி கைமாறும். குளத்துக்கும் போகப்போகிறோம். இட்லி கொண்டுபோவதாக இல்லை. வாத்துக்கு அது ஆகாதாம்.

நேயர்களே, அடுத்த மாத நிகழ்ச்சி இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு. பிளெய்ன்ஸ்பரோவோ எடிசனோ, அவர்கள் ஊரைப் பற்றி அவர்களே பேசட்டும். பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் உட்கார்ந்து தமிழைத் திருத்தாதீர்கள், கேளுங்கள். உங்கள் கணக்கில் விட்டுப்போன வரவு அவர்களிடம் இருக்கலாம். தேதி, வருடம் தப்பாக இருந்தால் கவலை வேண்டாம். அதைத் திருத்த மன்னார்குடிப் பெரியவர் இருக்கிறார்.