கேட்டதை மட்டும் எழுதும் கலை

வானொலி நிகழ்ச்சிகளைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். நான் பேச வந்தது வானொலி கேட்பதைப் பற்றி. தொலைதூர நிலையங்களைச் சிற்றலையில் தேடிப் பிடித்து, எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில், எப்படிக் கேட்டது என்று குறித்து, அந்த நிலையத்துக்கே எழுதி அனுப்புகிற பழக்கம் ஒன்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. இதில் ஊறியவர்கள் டி.எக்ஸிங் என்பார்கள். உரிமம் பெற்று, சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் வைத்துப் பிறரோடு பேசுகிறவர்கள் ஹாம்கள். இந்த இரு சாராருக்கும் நாள்தோறும் செய்திகள் உண்டு. எந்த நிலையம் புதிதாக வந்தது, எது நின்றுபோனது, எந்தத் தீவிலிருந்து யார் பேசப்போகிறார்கள், இன்று சூரியன் எப்படி இருக்கிறது என்பவையே அந்தச் செய்திகள். அவற்றைத் திரட்டித் தருகிறவர்களும் பெரும்பாலும் இவர்களேதான்.

பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டு இதைக் கடந்து போகிறவர்கள் உண்டு. நான் இதைக் கலையாகவே மதிக்கிறேன். கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் ஒழுக்கத்தை இது மனிதருக்குப் பழக்குகிறது. இதன் வரலாறே அந்த ஒழுக்கத்தின் வரலாறுதான்.

டைட்டானிக் கப்பல் மூழ்கிய அதே 1912-இல் அமெரிக்கா வானொலிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆர்வலர்கள் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களைத் தொடக்கூடாது என்றது சட்டம். நீளமான அலைகளே நெடுந்தூரம் போகும், குட்டை அலைகளால் பயன் இல்லை என்பது அன்றைய நம்பிக்கை. பயன் இல்லாதது என்று நினைத்துத்தான் ஆர்வலர்களுக்கு அதைக் கொடுத்தார்கள்.

அந்த அலைகள் அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று பார்த்துவிட 1921-இல் அமெரிக்க ஆர்வலர் சங்கம் முடிவு செய்தது. கேட்பதற்கென்றே ஒருவரைக் கப்பலேற்றி அனுப்பியது. அவர் பெயர் பால் காட்லி. ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில், டிசம்பர் குளிரில், கூடாரம் போட்டு, நெடுந்தூரத்துக்குக் கம்பி இழுத்து ஏரியல் கட்டி, இரவெல்லாம் கேட்டார். மார்க்கோனி நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருந்தார். காதில் விழுந்த ஒவ்வொரு அழைப்புக்குறியும் நேரத்தோடு பதிவேட்டில் ஏறியது. கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் ஊரிலிருந்து 1-பி.சி.ஜி. என்ற ஆர்வலர் நிலையம் அனுப்பிய முழுச் செய்தியும் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் சந்தேகப்பட்டவர்கள் பலர் இருந்தார்கள். அந்தப் பதிவேட்டின் நேர்மைதான் அவர்களுக்குப் பதில் சொன்னது. இரண்டு ஆண்டு கழித்து, 1923 நவம்பரில், அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல்லும் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் தெலுவாவும் 110 மீட்டர் அளவில் கடலுக்கு இருபுறமிருந்தும் பேசிக்கொண்டார்கள். சிற்றலை யுகத்தின் கதவைத் திறந்துவைத்தவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்.

நம் ஊரிலும் தொடக்கம் அப்படித்தான். சென்னையில் முதல் ஒலிபரப்பைச் செய்தது அரசு இல்லை. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே மாதம் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், அந்த ஜூலை 31 அன்று ஒலிபரப்பில் இறங்கியது. பணமுடையால் 1927-இல் கழகம் நின்றுபோக, அதன் டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது.

இனி இந்தக் கலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

சிற்றலை என்பது 3 முதல் 30 மெகா ஹெர்ட்ஸ் வரை. தரையிலிருந்து சில நூறு கிலோ மீட்டர் உயரத்தில் சூரிய ஒளி காற்றை மின்னேற்றம் செய்து அயனி மண்டலத்தை உண்டாக்குகிறது. சிற்றலைகள் அதில் பட்டு வளைந்து பூமிக்குத் திரும்புகின்றன. பகலில் 13 மெகா ஹெர்ட்ஸுக்கு மேலே தேடவேண்டும். இருட்டிய பிறகு 5 முதல் 10 மெகா ஹெர்ட்ஸ் வரை களைகட்டும். இத்தனையும் சூரியனின் தயவு. ஆகவே ஹாம்களின் செய்தியில் முதலிடம் சூரியனுக்கு. கனடாவின் பென்டிக்டனில் 10.7 சென்டி மீட்டர் அலைநீளத்தில் சூரியனின் வானொலி வீச்சை நாள்தோறும் அளக்கிறார்கள். அந்த எண் ஏறினால் உயர் அலைவரிசைகள் திறக்கும். பூமியின் காந்தக் கொந்தளிப்பைக் காட்டும் கே குறியீடு 0 முதல் 9 வரை போகும். 2024 மே 10, 11 தேதிகளில் அது 9-ஐத் தொட்டது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்து துருவ ஒளி தெரிந்தது அப்போதுதான். உலகின் பல பகுதிகளில் சிற்றலைத் தொடர்பு தடுமாறியது.

பாதை திறந்திருக்கிறதா என்று காதாலேயே சோதிக்க ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. 14.100 மெகா ஹெர்ட்ஸில், உலகெங்கும் பரவிய 18 வழிகாட்டி நிலையங்கள் முறைவைத்து ஒலிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. மூன்று நிமிடத்தில் உலகம் ஒரு சுற்று முடிந்துவிடும். இலங்கையின் 4-எஸ்-7-பி நிலையமும் இந்த வரிசையில் உண்டு. மோர்ஸில் பெயரைச் சொன்னதும் நான்கு நீண்ட ஒலிகள் வரும். முதலாவது 100 வாட்ஸ், அடுத்தது 10, அதற்கடுத்து 1, கடைசியில் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. பெயரும் முதல் ஒலியும் கேட்டு மற்றவை கேட்காவிட்டால் பாதை சுமார். நான்காவதும் கேட்டுவிட்டால், ஒரு சின்ன டார்ச் பல்புக்குக்கூடப் போதாத சக்தி நாடு தாண்டி வந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்தில்தான் மனம் ஏமாற்றும். மூன்றைக் கேட்டவர், நான்காவதும் வந்திருக்கும் என்று தெரிந்ததால், வந்ததாகவே நினைத்துக்கொள்வார். பழகிய செவி மூன்று என்றே எழுதும்.

நிலையங்களுக்கு அனுப்பும் அறிக்கையிலும் இதே சோதனைதான். சின்போ என்று ஐந்து எண் போடுவோம். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்று வரிசை. 5 என்றால் மிக நன்று, 1 என்றால் மோசம். நம்மவர்களுக்கு மரியாதை அதிகம். விருந்துக்குப் போய்விட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்வதா என்பதுபோல, ஐந்து இடத்திலும் 5 போட்டுவிடுவோம். நிலையத்தின் பொறியாளருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. "வலிமை 2, பக்கத்து அலைவரிசையில் இன்னொரு நிலையம் ஏறி அடிக்கிறது, ஏழே கால் மணிக்குமேல் செய்தி வாசிப்பு புரியவில்லை" என்று எழுதுகிற நேயரால்தான் அலைவரிசையை மாற்றலாமா என்று அவர் யோசிக்க முடியும். அறிக்கைக்குப் பதிலாக நிலையம் வீட்டுக்கு அனுப்பும் வண்ண அட்டைக்கு மதிப்பு வருவதும் அப்படிப்பட்ட அறிக்கையால்தான்.

சிற்றலை நிலையங்களின் ஒலிபரப்புப் பட்டியல்கள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். பட்டியலில் இருப்பது ஒன்று, காற்றில் இருப்பது வேறொன்று என்பது அடிக்கடி நடக்கும். உட்கார்ந்து கேட்டுப் பார்த்தவர் சொன்னால்தான் செய்தி உறுதியாகும்.

இந்தக் கலையின் உச்சம் என்று நான் கருதுவது 2004 டிசம்பர். ஆண்டுக்கணக்காக ஹாம் ஒலி எழாத அந்தமானிலிருந்து உலகத்தோடு பேச, தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேர் போயிருந்தது. டிசம்பர் 26 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. தொலைபேசிகள் செயலிழந்தன. உலக நாடுகளோடு தொடர்பு எண்ணிக்கை சேர்க்கப் போன குழு, அந்த வேலையை விட்டுவிட்டுத் தீவுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே செய்தி கடத்தியது. இன்னார் நலம், இன்ன இடத்தில் இருக்கிறார் என்ற தகவலுக்காகக் குடும்பங்கள் காத்திருந்தன. அங்கே ஒரு பெயரைத் தவறாகக் கேட்டால் ஒரு வீடே நிலைகுலையும். கேட்டதைத் திரும்பச் சொல்லிச் சரிதானா என்று உறுதி செய்து, அதன் பிறகே அனுப்பும் பயிற்சி, ஆண்டுக்கணக்கில் விளையாட்டாகச் செய்த வேலையில் கிடைத்தது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அட்டை சேர்க்கும் ஆசையில், கேட்காத நிகழ்ச்சிக்கும் அறிக்கை எழுதுகிறவர்கள் உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரிசீவரை இணையத்தின் வழியாக யாரும் திருப்பலாம். படிக்க, பழக அருமையான வசதி அது. ஆனால் அங்கே கேட்டதை நாகர்கோவிலில் கேட்டதாக எழுதினால் அது பொய். 2017-இல் வந்த எஃப்.டி.-8 என்ற முறையில் கணினியே ஒலியைப் பிரித்து எழுத்தாக்கிவிடுகிறது. அதை உருவாக்கியவர்கள் ஸ்டீவ் ஃபிராங்கேவும், இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும். காதுக்கு எட்டாத ஒலியையும் அது பிடிக்கும். அலைப்பாதையை ஆராய அது நல்ல கருவி. செவிப் பயிற்சிக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து.

இழப்பும் பெரிது. பி.பி.சி.யின் தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலையிலிருந்து விடைபெற்றது. ரேடியோ ஆஸ்திரேலியா அதே ஆண்டு சிற்றலையைக் கைவிட்டது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் பெரும்பாலான ஒலிபரப்புகள் 2025 மார்ச்சில் ஓய்ந்தன. எல்.இ.டி. விளக்கும் செல்போன் சார்ஜரும் எழுப்பும் இரைச்சல் வேறு. இருந்தாலும் அலைவரிசை வெறிச்சோடிவிடவில்லை. பல நாட்டு நிலையங்கள் இன்றும் ஒலிக்கின்றன. ஹாம்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜூலையில் விண்வெளி நிலையத்திலிருந்து இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா நம் நாட்டோடு ஹாம் வானொலியில் பேசினார்.

கேட்பதற்கு உரிமம் வேண்டாம். பேசத்தான் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதவேண்டும். சிற்றலை உள்ள பேட்டரி வானொலி ஒன்று போதும். இரவில் மின்சாரம் போனால் சலித்துக்கொள்ளாதீர்கள். அக்கம்பக்கத்து இரைச்சல் முழுதும் அடங்கிய அந்த நேரம் கேட்பதற்கு மிக உகந்தது. மொட்டைமாடிக்குப் போய் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கேட்டதை நேரத்தோடு குறியுங்கள். புரியாத சொல் வந்தால் புரியவில்லை என்றே எழுதுங்கள். வதந்தி வேகமாகப் பரவும் காலத்தில், தன் காதால் கேட்டதற்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது வேண்டும். அவர்களைப் பயிற்றுவிக்கும் கலையாகவே டி.எக்ஸிங்கை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.