மேட்ச் நாளில் வண்டி எங்கே நிறுத்துவது?

(பொங்கல் விழாவை ஒட்டி நம் கம்யூனிட்டி ஹாலில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில், சி பிளாக்கைச் சேர்ந்த ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பொங்கல் சாப்பிட்ட வயிறோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன். "அமெரிக்கா போய் வந்தீர்களே, அதைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். நயாகராவைப் பற்றி ஏற்கெனவே இரண்டு பேர் இதே மைக்கில் பேசியாகிவிட்டது. அதனால் நான் பார்க்கிங்கைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்காதீர்கள். இன்றைய அஜெண்டாவில் அடுத்த விஷயமும் பார்க்கிங்தான். அதனால் சம்பந்தம் இருக்கிறது.

போன ஆகஸ்டிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை மகள் வீட்டில் இருந்தேன். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பக்கம், ஒரு பல்கலைக்கழக ஊர். ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். மகள் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் வேலை பார்க்கிறாள். நம் நியூஸ்லெட்டர் வாட்ஸாப்பில் எங்கெல்லாம் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அந்த ஊரில் ஒரு ஸ்டேடியம். மகள் வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். விளையாடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். கல்லூரிப் பையன்கள் ஆட்டத்துக்கு எத்தனை பேர் வந்துவிடுவார்கள் என்று நானும் நினைத்தேன்.

மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்று ஒரு ஊர். மக்கள்தொகை சுமார் 1,24,000. அங்கே பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 1927-ல் கட்டியது. 1975 நவம்பரிலிருந்து, கொரோனா ஆண்டு நீங்கலாக, சொந்த மண்ணில் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். நம் சேப்பாக்கத்தில் ஏறக்குறைய 38,000 பேர்தான் உட்காரலாம். பென்சில்வேனியாவில் இன்னொரு ஊர், வெறும் 40,000 சொச்சம் பேர் இருக்கிற இடம், அங்கேயும் ஒரு லட்சத்துக்கு மேல் உட்காருகிற ஸ்டேடியம். ஊரையே இரண்டு தடவை அதற்குள் உட்கார வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும்.

இத்தனை பேரும் எப்படி வருகிறார்கள்? பெரும்பாலும் காரில்தான். இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். வருஷத்துக்கு ஏழு சனிக்கிழமைதான் சொந்த ஊர் ஆட்டம். ஏழு நாளுக்காக யார் ரயில் பாதை போடுவார்கள்? அதனால் அன்றைக்கு ஊரே பார்க்கிங் ஆகிவிடும். பள்ளி மைதானம், சர்ச் வளாகம், கால்ஃப் மைதானம் எல்லாம் வண்டி. ஆன் ஆர்பரில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற பல்கலைக்கழகக் கால்ஃப் மைதானத்தில் மேட்ச் நாளில் கார் நிறுத்துகிறார்கள். அதற்கு அடுத்தபடியாக, வீட்டு வாசல் புல்தரை.

இங்கேதான் நான் வருகிறேன். மகள் வீட்டு முன்னால் இருக்கிற புல்தரையில் ஏழு கார் நிறுத்தலாம். ஒரு காருக்கு 30 டாலர். அட்டையில் எழுதி, தெருவோரம் நின்று காட்ட வேண்டும். மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "அப்பா, நீங்க விசிட்டர் விசா. காசைக் கையால தொடாதீங்க." அதனால் காசு வாங்குவது பதினான்கு வயதுப் பேரன். நான் கையை மட்டும் ஆட்டுவேன். இடது, வலது, பின்னால், போதும், நிறுத்து. முப்பத்தாறு வருஷம் வங்கியில் இருந்தேன். அந்த ஏழு சனிக்கிழமைகளில் என் கைக்குக் கிடைத்த மரியாதை அங்கே கிடைத்ததில்லை.

புல்தரையில் நிறுத்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் முன்னால் இருப்பவர் போகாமல் பின்னால் இருப்பவர் எடுக்க முடியாது. ஆட்டம் முடிந்ததும் யாருக்கு அவசரம், யார் இருந்து சாப்பிட்டுப் போவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மூலையில் மேப்பிள் மரத்தடியில் ஒரு இடம் மட்டும் யாரும் மறிக்காத இடம். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

முதல் ஆட்டத்தன்று அந்த இடத்துக்கு ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அவருக்கு எழுபத்தைந்து இருக்கும். வலது முழங்கால் சரியில்லை. தன் பெயரைச் சொல்லி அப்படியே கூப்பிடச் சொன்னார். எனக்கு வாயில் வரவில்லை. கடைசி வரை 'சார்'தான். அவரும் பதிலுக்கு என்னை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அங்கே ஆட்டம் தொடங்குவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே வந்துவிடுவார்கள். வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, மடக்கு நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டிச் சமைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்துச் சாப்பிடுவார்கள். டெயில்கேட் என்று பெயர். அவர் மனைவி ஒரு பெரிய பாத்திரத்தில் பீன்ஸ் போட்ட சில்லி குழம்பு கொண்டுவருவார். நான் சைவம் என்று தெரிந்ததும் அடுத்த ஆட்டத்துக்கு இறைச்சி போடாமல் தனியாக ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். சமைப்பது மட்டும் நான்கு குடும்பத்துக்கு ஆகிற அளவு. சாப்பிட இரண்டு பேர். அதைப் பற்றி ஒரு நாள் கேட்டேன்.

1988-லிருந்து அவர்கள் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் ஒரே பார்க்கிங்கில், ஒரே வரிசையில் நிறுத்தி வந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரு பல் டாக்டர் குடும்பம், அந்தப் பக்கம் ஒரு விவசாயி, எதிரில் ஒரு பள்ளி ஆசிரியை. யாரும் யாருக்கும் உறவில்லை. ஒரே ஊரும் இல்லை. வருஷத்தில் ஏழு நாள் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். பிள்ளைகள் அந்த வரிசையில்தான் நடக்கக் கற்றுக்கொண்டன. விவசாயியின் மனைவி இறந்த வருஷம், மற்ற மூன்று குடும்பமும் அவருடைய அறுவடைக்குப் போய் நின்றிருக்கிறார்கள். வருஷா வருஷம் ஆகஸ்டில் தபாலில் வருகிற பார்க்கிங் அட்டைகளைப் பெரியவர் தூக்கிப் போட்டதில்லை. கராஜ் சுவரில் வரிசையாக ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாராம்.

போன வருஷம் அட்டை வரவில்லை. ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த பார்க்கிங்குக்கு இனி ஆண்டு நன்கொடை இவ்வளவு, இத்தனை புள்ளிகள் இருந்தால்தான் இடம் என்று. அவர் சொன்ன தொகை பழையதைப் போல நான்கு மடங்கு. கொடுக்க முடியாவிட்டால் ஊருக்கு வெளியே ஒரு மைதானம், அங்கிருந்து பஸ். நான்கு குடும்பத்தில் பல் டாக்டர் கட்டிவிட்டு அங்கேயே இருக்கிறார், யாரென்று தெரியாதவர்களுக்கு நடுவில். ஆசிரியை பஸ்ஸில் வருகிறார். விவசாயி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் டிவியில் பார்க்கிறார். பெரியவர் மேப்பிள் மரத்தடிக்கு வந்தார்.

இது ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை. நல்ல சீட்டும் நல்ல பார்க்கிங்கும் நன்கொடைக் கணக்குப்படி தருவது அங்கே பல பல்கலைக்கழகங்களில் நெடுநாளைய வழக்கம். முன்பு அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வரிச்சலுகை உண்டு. 2017-ல் வந்த வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. 2025 ஜூனில் இன்னொன்று. விளையாடுகிற மாணவர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் வரை என்று ஒரு வழக்கில் சமரசம் ஏற்பட்டது. மாணவர்களுக்குக் கொடுப்பது நியாயம்தான். அவர்களை வைத்துத்தான் இத்தனை காலம் சம்பாதித்தார்கள். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே.

போதாததற்கு டிவி. ஆட்டம் பகல் பன்னிரண்டுக்கா, மூன்றரைக்கா, ராத்திரியா என்பதைப் பல வாரங்களில் பன்னிரண்டு நாள், சில சமயம் ஆறே நாள் முன்னால்தான் சொல்வார்கள். நான்கு மணி நேரம் ஓட்டி வருகிறவர் எதை வைத்துக் கிளம்புவது? ராத்திரி ஆட்டம் முடிந்து, நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, அதற்குப் பிறகு ஊர் திரும்ப வேண்டும். டிக்கெட், பார்க்கிங் அனுமதி எல்லாம் இப்போது செல்ஃபோனில். லட்சம் பேர் கூடுகிற இடத்தில் சிக்னல் கிடைக்காமல் கேட்டில் ஃபோனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிற பெரியவர்களை நான் பார்த்தேன்.

சிலர் கெட்டிக்காரர்கள். டென்னஸி பல்கலைக்கழக ஸ்டேடியம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1962-ல் ஒரு வானொலி வர்ணனையாளர் நெரிசலுக்குப் பயந்து படகில் வந்து இறங்கினார். இன்று நூற்றுக்கணக்கில் படகுகள் அங்கே கட்டி நிற்கின்றன. தென் கரோலினாவில் ஸ்டேடியம் பக்கத்தில் பயன்படாத தண்டவாளம் ஒன்றில் 1990-ல் 22 பழைய ரயில் பெட்டிகளை நிறுத்தி, பெட்டி 45,000 டாலர் என்று விற்றார்கள். உள்ளே சோஃபா, சமையலறை, குளியலறை. அங்கே இடப் பிரச்சினையே கிடையாது. பணம் இருந்தால் போதும்.

என் கதைக்கு வருகிறேன். அக்டோபர் கடைசியில் பக்கத்து மாநிலத்துப் பரம்பரைப் போட்டி அணியோடு ஆட்டம். நம் ஊர் இந்தியா–பாகிஸ்தான் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்தே தெருவில் வண்டி நகரவில்லை. பெரியவர் எப்போதும் எட்டு மணிக்கு வந்துவிடுவார். ஒன்பதே கால் ஆகியும் காணோம். மற்ற ஆறு இடமும் நிறைந்துவிட்டது. மேப்பிள் மரத்தடி மட்டும் காலி. ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. இறங்கிய இளைஞர் 60 டாலர் தருகிறேன் என்றார். பேரன் என்னைப் பார்த்தான். "தாத்தா, அவங்க வருவாங்க" என்றான். அவர் அந்த இடத்துக்கு முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை. நாங்களும் வைத்திருக்கிறேன் என்று சொன்னதில்லை. வரவில்லையென்றால் முப்பதும் போய்விடும். கையை ஆட்டினேன். வலது, இன்னும் கொஞ்சம், போதும், நிறுத்து.

இருபது நிமிஷம் கழித்து அவருடைய நீல வண்டி வந்தது. ஹைவேயில் விபத்து, அதனால் தாமதம். மரத்தடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி, "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டு மெதுவாக நகர்ந்து போனார். மடியில் குழம்புப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி. பேரன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு அவர்கள் வரவில்லை. கடைசி ஆட்டம் நவம்பர் முடிவில், நல்ல குளிர். எதிர்ப்பக்க நடைபாதையில் நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்து போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன். நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் மிச்ச ஆட்டங்களுக்கு முன்பணம் கட்டிவிட்டாராம். தவறு செய்துவிட்டேன் சார் என்றேன். அவர் சிரித்தார். "அறுபது டாலருக்கு நானும் கொடுத்திருப்பேன்" என்றார். எத்தனை டாலர் என்று நான் சொல்லவே இல்லை. பேரன்தான் ஆட்டம் முடிந்து அவரைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறான்.

இப்போது அஜெண்டாவுக்கு வருகிறேன். நம் வளாகத்தில் திறந்தவெளியில் இருக்கிற 14 இடங்களை வருஷா வருஷம் ஏலம் விட்டு, அதிகம் கேட்பவருக்குக் கொடுத்து, அந்தப் பணத்தை லிஃப்ட் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைப் போன பொதுக்குழுவில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். நல்ல யோசனை என்று பாராட்டினீர்கள். எக்ஸெல்லில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு இன்றைக்கும் சரி. லிஃப்டுக்குப் பணம் வேண்டும் என்பதும் உண்மை.

ஆனால் அந்த 14 இடத்தில் யார் நிறுத்துகிறார்கள் என்று நான் எழுதவில்லை. ஏ பிளாக் கேட் பக்கத்து இடத்தில் டயாலிசிஸுக்குப் போகிறவரின் வண்டி நிற்கிறது. அதை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நாமாக விட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். வேப்ப மரத்தடியில் சாயங்காலம் நான்கு ஸ்கூட்டரும் நான்கு மாமாக்களும் இருப்பார்கள். சமையல் கேஸ் சிலிண்டரிலிருந்து பெண் பார்ப்பது வரை அங்கேதான் முடிவாகிறது. ஏலம் வந்தால் அவர்களில் ஒருவர் கட்டுவார், ஒருவர் தெருவில் நிறுத்துவார், மற்ற இருவரும் கீழே இறங்க மாட்டார்கள்.

அதனால் செயலாளரிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தீர்மானத்தில் முன்மொழிந்தவர் என்று இருக்கிற என் பெயரை எடுத்துவிடுங்கள். லிஃப்டுக்குச் சதுர அடிக் கணக்கில் எல்லோரும் கொடுப்பதாக வேறொரு கணக்கு போட்டு எடுத்து வந்திருக்கிறேன். ஃபிளாட்டுக்கு மாதம் கொஞ்சம் கூடும். திட்டுவீர்கள், தெரியும்.

மேப்பிள் மரத்தடியை என்ன செய்தீர்கள் என்று முன்வரிசையில் அம்மா கேட்கிறார்கள். வரும் செப்டம்பருக்கு அந்த இடத்தை அவருக்கென்று வைத்திருப்பதாகப் பேரன் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான். பழைய 30 டாலர்தான், எத்தனை மணிக்கு வந்தாலும் சரி என்று எழுதியிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை. அங்கே இப்போது பனிக்காலம், சீசன் முடிந்துவிட்டது. பெரியவர் மின்னஞ்சலை அவ்வளவாகப் பார்க்க மாட்டார் என்று மகள் சொல்கிறாள்.

மைக்கைச் செயலாளரிடம் கொடுக்கிறேன். புதுக் கணக்கின் நகல் பின்வரிசை நாற்காலியில் இருக்கிறது, வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.