முகவரி யாருடையது?



இந்தப் பயிற்சி வகுப்பிலே எனக்குத் தரப்பட்டுள்ள பொருள், மின்னஞ்சல் முகவரி. "அரசியல் கேட்க வந்தோம், அஞ்சல் பற்றிப் பேசுகிறாரே!" என்று சிலர் எண்ணக்கூடும். அரசியல்தான் பேசப் போகிறேன்.

வீட்டு முகவரி, தபால்காரர் நம்மைக் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவே. மின்னஞ்சல் முகவரியோ, சாவிக் கொத்தைத் தொங்கவிட்டிருக்கும் ஆணி! வங்கிக் கணக்கு, இரயில் பயணச் சீட்டு, மகளின் தேர்வு விண்ணப்பம் இவற்றுக்கெல்லாம் கொடுத்து வைத்திருப்பது பெரும்பாலும் அந்த ஒரே முகவரி. கடவுச்சொல்லை மறந்தால், புதுச்சொல் அமைத்துக்கொள்ள வழி வந்து சேருவதும் அங்கேயே. அந்த ஆணி இருக்குமிடத்தைத் துணிக்கடையிலே கேட்டாலும் சொல்கிறோம். பரிசு தருவதாகக் கூறுவோர் கேட்டாலும் சொல்கிறோம். சொன்னது எங்கே போயிற்று என்று கேட்டோமா?

கேட்டார் ஒருவர். வியன்னாவிலே சட்டம் பயின்ற மாணவர். பெயர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ். தம்மைப் பற்றி வைத்திருப்பதைத் தருமாறு 2011-ஆம் ஆண்டு பேஸ்புக் கம்பெனியைக் கேட்டார். வந்து குவிந்தவை 1,200 பக்கங்களுக்கு மேல்! அழித்துவிட்டதாக அவர் எண்ணியிருந்தவையும் அவற்றிலே இருந்தன. மாணவர் மலைக்கவில்லை, முறையிட்டார், வழக்காடினார். ஐரோப்பியரின் தரவுகள் அமெரிக்கா செல்ல வழிவகுத்திருந்த ஏற்பாட்டையே, 2015 அக்டோபர் 6-ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. தனி மனிதருக்கு அந்த வலிமை எப்படி வந்தது? கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்தது; அதை எடுத்தாள ஒருவர் இருந்தார்!

நம் நாட்டிலே? ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு மட்டும் 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது.

அந்தச் சட்டத்திலே நமக்குப் பயன்படும் படைக்கலங்கள் உண்டு. ஒப்புதல் தெளிவாகப் பெறப்பட வேண்டும். தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். மருத்துவ ஆலோசனை தரும் செயலி, நம் கைப்பேசியிலுள்ள மற்றவர் எண்களையும் கேட்டால், அதற்கான ஒப்புதல் செல்லாது. சட்டமே எடுத்துக்காட்டாகக் கூறுவது இது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலே தரச் சொல்லும் உரிமையும் உண்டு. தரவு கசிந்தால் நமக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம்.

மகிழ்ச்சி! ஆனால் மறுபக்கத்தையும் புரட்டுங்கள். கம்பெனிக்குக் கடிவாளம் போட்ட சட்டம், மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறது. முறையீட்டைக் கேட்கும் வாரியத்தின் உறுப்பினர்களை அமர்த்துவதும் அதே அரசு! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவிலே, பொதுநலன் கருதித் தனிநபர் தகவலை வெளியிடலாம் என்றிருந்த வாசகமும் நீக்கப்பட்டது. "8(2) பிரிவு இருக்கிறதே!" என்பர். இருக்கிறது, வாயிற்கதவைச் சாத்திவிட்டுச் சன்னலைக் காட்டுவது போல! குடிமகனின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். அதன் பெயரால் அதிகாரத்தின் கணக்கு மறைக்கப்படலாகாது. இந்த வேறுபாட்டைத்தான் ஊர்தோறும் எடுத்துரைக்க வேண்டும்.

இறுதியாக, நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். கிளைக் கழகங்களிலே கையெழுத்து வாங்குகிறோம். பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி எல்லாம் கணினியிலே ஏறுகின்றன. அந்தப் பட்டியலை அச்சகத்துக்காரருக்கும் விளம்பரக்காரருக்கும் அனுப்பிவிட்டு, மேடையேறி அந்தரங்கம் பேசினால், கேட்பவர் நகைக்க மாட்டாரா? எந்தக் காரியத்துக்கு வாங்கினோமோ அதற்கே பயன்படுத்துவோம். பெயரை நீக்கச் சொன்னால் அன்றே நீக்குவோம். வேலை முடிந்ததும் பட்டியலை அழிப்போம்.

தோழர்களே! முகவரியைத் தந்தவர் தானம் தரவில்லை, நம்பி ஒப்படைத்திருக்கிறார். ஒப்படைத்த பொருளுக்குக் கணக்குக் கேட்பது உரிமை. கணக்குக் காட்டுவது கடமை. கம்பெனியிடம் கேட்போம், அரசிடம் கேட்போம். நம்மிடம் கேட்பவருக்கு முதலில் காட்டுவோம்!